கானில் முளைத்த கன்றுகள்

முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தேன். பாதி நாள் கொழுந்து, பாதி நாள் புல்வெட்டு. புல்வெட்டு என்றால் புல்லை மட்டும் வெட்டுவது இல்லை. தேயிலை அல்லாத எல்லாவற்றையும் சுரண்டியால் வேரோடு கிளப்ப வேண்டும். வெட்டி முடித்த மலையில் சிவப்பு மண் தெரிய வேண்டும். மண் தெரியாவிட்டால் கங்காணி முழுப் பேர் போடமாட்டார், அரை நாள் சம்பளம்தான். அதனால் எங்கள் கைக்கு ஒரே பழக்கம். தேயிலையா, விடு. தேயிலை இல்லையா, கிளப்பு.

அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு காட்டு மரம் வளர்க்கும் வேலைக்குப் போனேன். மரத்தின் மேல் ஆசை வந்து போகவில்லை. தண்ணீருக்காகப் போனேன்.

எங்கள் லயத்தில் வரிசையாய்ப் பன்னிரண்டு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். பன்னிரண்டுக்கும் ஒரே தண்ணீர்ப் பீலி. மேலே பழைய தேயிலைப் பெக்டரிக்குப் பின்னால் ஓர் ஊற்று இருக்கிறது. அதிலிருந்து வரும் தண்ணீர்தான் பீலியில் விழும். நான் கல்யாணமாகி வந்தபோது கை மொத்தத்துக்கு விழுந்தது. பிறகு விறகுக்கு என்று ஊற்றைச் சுற்றி யூகலிப்டஸ் என்கிற கருப்பந்தைல மரம் நட்டார்கள். மரம் வளர வளர பீலி மெலிந்தது. மாசி பங்குனியில் நூல் மாதிரி வரும். குடத்தை வைத்துவிட்டுக் காலைப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு வந்தாலும் பாதிதான் நிறைந்திருக்கும்.

பீலி நின்றால் ஆற்றுக்கு இறங்க வேண்டும். எனக்கு வலது முழங்கால் மடங்காது. ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்ததிலிருந்து அப்படி. வெறுங்கையோடு இறங்கிவிடுவேன். குடத்தோடு ஏற முடியாது. மகள் கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கிறாள். "வந்துருங்கம்மா" என்று வாரம் ஒரு தடவை போன் பண்ணுவாள். ஒரு பொங்கலுக்குப் போய் நாலு நாள் இருந்தேன். மூன்றாம் மாடி. ஒரு ஜன்னல். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். மகள் நல்லவள்தான். மருமகனும் நல்லவர்தான். அந்தச் சுவரைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பீலி நின்றால் நான் அந்தச் சுவருக்குத்தான் போக வேண்டும். எனக்கு இருந்த ஒரே பயம் அது.

பெக்டரி மூடி ரொம்ப வருஷம் கழித்து அதை மியூசியம் ஆக்கினார்கள். துருப்பிடித்த மெஷினுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். வாசலில் பிளாஸ்டிக்கில் ஒரு பொம்பளை, முதுகில் கூடை. கூடைக் கயிறு நெற்றியில் கிடந்தது. நாங்கள் உச்சந்தலையில் மாட்டுவோம். மனேஜரிடம் சொன்னேன்.

"வர்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றார்.

இந்த மியூசியம் மனேஜர் ஹட்டன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. மரியாதையான பையன். சேற்றில் கால் வைக்கமாட்டார்.

பிறகு அந்தத் திட்டம் வந்தது. மியூசியத்துக்குப் பின்னால் உள்ள சரிவில், ஊற்றையும் சேர்த்து, பழைய காடு எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவரப் போகிறார்களாம். வண்ணத்துப்பூச்சி வரும், குருவி வரும், அதைப் பார்க்க வெள்ளைக்காரர் வருவார். கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்தார். மரம் செடி பற்றிப் பெரிய படிப்புப் படித்தவர். வேலைக்கு எடுத்த எங்கள் ஆறு பேரையும், வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் உட்கார வைத்துக் கூட்டம் போட்டார்கள். மேடம் சிங்களத்தில் பேச, மனேஜர் தமிழில் சொன்னார்.

"வெளிநாட்டுலருந்து வந்த செடிகொடிய எல்லாம் எடுத்துட்டு, இந்த மண்ணுக்குச் சொந்தமான மரத்த நடப்போறோம்."

என் நாத்தனார் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. வாய் சும்மா இருக்காது.

"அப்ப மொதல்ல நம்மளத்தான் புடுங்குவாங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மேடம் கேட்டார். "அவங்களுக்கு ரொம்ப சந்தோஷம்" என்று மனேஜர் சிங்களத்தில் சொன்னார். எங்களுக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

தேயிலை மட்டும் எந்த ஊர்ச் செடி என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அன்றோடு வேலை போயிருக்கும்.

முதலில் கருப்பந்தைல மரங்களை வெட்டினார்கள். மரக்காரன் இரண்டே நாளில் வெட்டி லொறியில் ஏற்றிப் போய்விட்டான். அந்தத் திட்டத்தில் சொன்ன நாளில் முடிந்த வேலை அது ஒன்றுதான். பலகை விலை அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதில் குறை இல்லை. ஊற்றை உறிஞ்சிய மரம் போனது.

பிறகு கன்றுகள் வந்தன. லொறி டிரைவர் அரைக்கைச் சட்டையோடு நடுங்கிக்கொண்டு இறங்கினான். எந்த ஊர் என்று கேட்டேன். குருநாகல் என்றான். கன்றும் அதே ஊர்தான். நாட்டின் தேசிய மரம் என்று நாக மரக் கன்று நாற்பது. கூட இன்னும் ஏதேதோ. இலை எல்லாம் வெயிலில் வளர்ந்த இலை. டிரைவர் இரண்டு கப் சாயம், பால் இல்லாத சூட்டுத் தேத்தண்ணி, குடித்துவிட்டுப் பிழைத்துக்கொண்டான். கன்றுக்குச் சாயம் ஊற்ற முடியாது.

"சேர், இது சூட்டு ஊர்க் கன்னு. இங்க நிக்காது" என்று மனேஜரிடம் சொன்னேன்.

"மேடம் படிச்சவங்கம்மா."

"மேடம் படிச்சவங்கதான். கன்னு படிக்கலையே."

"நீங்க குழிய வெட்டுங்கம்மா."

வெட்டினேன். நட்டோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நட்டார்கள். மூன்று மொழியில் பேர், நாலாவதாக யாருக்கும் வாயில் நுழையாத ஒரு பேர். பலகைக்குச் சீமெந்து போட்டு இறுக்கினார்கள். கன்றுக்கு எருகூட இல்லை. பலகை கன்றைவிட உயரம்.

தை மாதக் காற்று வந்தது. ஒரு வாரம் பனிமூட்டம் விலகவே இல்லை. இலை கறுத்தது, சுருண்டது, விழுந்தது. நாற்பதும் குச்சி, கூட வந்ததும் குச்சி. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. மனேஜரிடம் சொன்னேன். அவர் கொழும்புக்குப் போன் பண்ணிவிட்டு வந்தார்.

"மேடம் கிட்ட இலை கொட்டிருச்சுன்னு சொன்னேன்மா. இலை உதிர்ற காலமா இருக்கும், பொறுத்துப் பாக்கலாம்னு சொல்றாங்க."

"செத்துருச்சுன்னு சொன்னீங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. திறப்பு விழா வருது."

குச்சியைப் பற்றி எனக்கு என்ன. என் கவலை ஊற்றுதான். மரத்தை வெட்டிய கரையில் வெறும் மண் கிடந்தது. சித்திரை மழை ஒன்று பெரிதாய் விழுந்தால் அந்த மண் முழுக்க ஊற்றின் வாயில் வந்து உட்காரும். அத்தோடு பீலி மூடிவிடும். மண்ணைப் பிடிக்க உயிருள்ள வேர் வேண்டும். குச்சியும் பலகையும் மண்ணைப் பிடிக்காது.

எங்கே கன்று இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏழாம் நம்பர் மலை காட்டோரம். தண்ணீர் ஓட அங்கே கான் வெட்டி விட்டிருக்கிறது. காட்டிலிருந்து குருவி பழம் தின்றுவிட்டு வரும், தேயிலை மேல் உட்கார்ந்து எச்சம் போடும். மழை அதை அடித்துக்கொண்டு போய்க் கானில் சேர்க்கும். கானில் தேங்கிய வண்டலில் எல்லாம் முளைக்கும். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் ஒன்றைக் கீனா என்பார்கள், ஒன்றைத் தம்ப என்பார்கள். மரம் போல் வளரும் பன்னம் என்கிற பெரணியும் அங்கே உண்டு. அதன் அடியில் எந்த வெயிலிலும் மண் காய்ந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அத்தனைக்கும் ஒரே பேர், களை. முப்பது வருஷம் சுரண்டிச் சுரண்டி எறிந்தேன். எந்த வளைவில் எது முளைக்கும் என்பது எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

நாத்தனார் இன்னும் தோட்ட வேலையில்தான் இருந்தாள். அவளிடம் கேட்டேன்.

"ஏழாம் நம்பர் கானுல மொளைச்சு நிக்கிறத சுரண்டாத. மண்ணோட கிளப்பி எனக்குக் கொண்டு வா."

"என்ன மதினி, மூளை கலங்கிருச்சா? வெட்டிப் போட்டுத்தானே இத்தன வருஷம் சோறு தின்னோம்?"

"இப்ப நடப்போறேன்."

"அப்ப இதுவரைக்கும் வெட்டுனதுக்கு ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு நடுங்க."

"தருவியா, மாட்டியா?"

"தாரேன். பீலியில ஒரு வாரத்துக்கு எனக்கு மொத எடம்."

கொடுத்தேன். அவள் உரச் சாக்கை நனைத்து, அதில் சுற்றி, கொழுந்துக் கூடையின் அடியில் வைத்துக் கொண்டுவருவாள். சாயங்காலம் வேலை முடிந்து மற்றவர்கள் போன பிறகு ஊற்றின் கரையில் நான் நடுவேன். கால் மடங்காததால் உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து நட்டேன். மனேஜரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் மேடத்திடம் கேட்பார். மேடம் கூட்டம் போடுவார். அதற்குள் சித்திரை வந்துவிடும்.

பிடித்துக்கொண்டன. தம்பக் கன்றில் சிவப்பாய்த் தளிர் விட்டது. பன்னம் சுருட்டை அவிழ்த்தது. நானாக நட்டு நானாக வளர்த்த செடி அதற்கு முன் வாசலில் கொத்தமல்லி மட்டும்தான். தினமும் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வருவதாக இருந்தது. விழாவுக்கு முதல் நாள் எனக்கு ஹட்டன் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கிளினிக். காலை பஸ்ஸில் போய்விட்டேன். அன்றைக்குத் தோட்டத்திலிருந்து புல்வெட்டு ஆட்களை மியூசியத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாத்தனாரை அன்று பார்த்துக் கொழுந்துக்குப் போட்டுவிட்டார்கள். மனேஜர் கங்காணியிடம் சொன்னது இவ்வளவுதான். "நல்லா கிளீன் பண்ணிருங்க. பலகை வச்ச கன்னு மேல மட்டும் கை வைக்காதீங்க."

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவை பஸ்ஸில் வந்து இறங்கும்போது நாலு மணி. சரிவைக் கீழே இருந்தே பார்த்தேன். சிவந்து கிடந்தது.

ஏறிப் போனேன். ஒரு புல் இல்லை. செத்த குச்சி ஒவ்வொன்றுக்கும் வட்டமாய் மண் அணைத்து, சாய்ந்த குச்சியைக் கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள். ஊற்றின் கரையில் என் கன்று ஒன்றும் இல்லை. மூலையில் குவியலாய்க் கிடந்தன, வேரில் மண்ணை உதறி, தலைகீழாக. வெட்டினது திரும்ப உயிர் பிடிக்காமல் இருக்க அப்படித்தான் போட வேண்டும். அந்தப் புல்வெட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அதைப் பழக்கிக் கொடுத்தது நான்தான்.

இப்போதிருக்கும் கங்காணி எனக்கு மருமகன் முறை. ஒழுங்கான வேலைக்காரன். சிரித்துக்கொண்டே வந்தான்.

"எப்படி அத்தை, மண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"ஒரே ஒரு புல்லு இருந்தா காட்டுங்க பாப்போம்."

"இல்ல."

"அப்புறம் ஏன் மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"முழங்காலு."

அவனை நான் என்ன சொல்ல. கங்காணியாக நான் இருந்தாலும் அந்த வேலைக்கு முழுப் பேர் போட்டிருப்பேன்.

மறுநாள் பெரிய மனிதர் மூன்று மணி நேரம் பிந்தி வந்தார். மாலை, மேளம், பேச்சு எல்லாம் ஆனது. ஒரு நாக மரக் குச்சிக்குத் தண்ணீர் ஊற்றினார். போட்டோ எடுத்தார்கள். சரியாய் விழவில்லை என்று இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இது எப்போ பூக்கும்?" என்று கேட்டார்.

மேடம் குச்சியைப் பார்த்தார். மனேஜரைப் பார்த்தார். "கொஞ்ச காலம் ஆகும், சேர்" என்றார்.

அன்றைக்கு அந்த இடத்தில் ஒருத்தராவது வாய் திறந்து உண்மை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. வாளியைத்தான் பிடித்தேன்.

கார்கள் போனதும் குவியலைக் கிளறினேன். மேலே கிடந்தது எல்லாம் காய்ந்துவிட்டது. நடுவில் இருந்தது கொஞ்சம் ஈரம். முப்பது கன்று தேறும். ஊற்றுச் சேற்றில் வேரை அமுக்கி வைத்தேன். நாத்தனார் வந்து பார்த்தாள். நேராகக் கங்காணி வீட்டு வாசலுக்குப் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கண்ணு எங்கடா இருந்துச்சு? ஒன் அத்தை குந்தி குந்தி நட்டதுடா இது!"

அவன் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பலகை இல்லையே அத்தை. பலகை இருந்திருந்தா தொட்டிருப்போமா?"

அது சரியான பேச்சு. அந்த மூன்று மாதத்தில் அந்த மியூசியத்தில் நான் கேட்ட ஒரே புத்தியுள்ள பேச்சும் அதுதான்.

அடுத்த இரண்டு நாளில் ஏழாம் நம்பர் கானிலிருந்து கங்காணியே நாலு சாக்குக் கன்று கொண்டுவந்தான். செத்த குச்சிகளைப் பிடுங்கினோம். பலகைகளைச் சீமெந்தோடு கிளப்பிக் கரைக்குக் கொண்டுபோனோம். நான் மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டுவேன். நாத்தனார் அதுவும் இல்லை.

"எந்தப் பலகைய எதுக்கு மதினி வைக்க?"

"எதுக்கு வேணா வை."

"தப்பா இருக்காது?"

"செத்ததுக்கு வச்சிருந்தாங்களே, அது மட்டும் சரியா?"

தம்பக் கன்றுக்கு முன்னால் நாக மரம் என்று வைத்தோம். பன்னத்துக்கு முன்னால் இன்னொரு நாக மரம். மனேஜர் பார்த்துவிட்டு, "இப்ப நல்லா வந்திருக்கும்மா. மேடம் சொன்னாங்கல்ல, பொறுத்துப் பாக்கணும்னு" என்றார். ஆமாம் என்றேன்.

சித்திரை மழை பெய்தது. கரை ஒரு பக்கம் சரிந்தது. மற்ற இடத்தில் மண் நின்றது.

ஆவணியில் மேடம் வந்தார். அவரை ஏமாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். பன்னத்துக்கு முன்னால் நின்று பலகையைப் படித்தார். பன்னத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்கிருந்து?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"தேயிலைக் கானிலிருந்து" என்றேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் நோட்டை எடுக்கவில்லை. காரில் ஏறிப் போனார். ஒரு மாதத்தில் சரியான பேரோடு புதுப் பலகை வந்தது. கூடவே மியூசியத்துக்குள் மாட்ட ஒரு பெரிய படமும் வந்தது. எப்போது எடுத்தார்களோ தெரியாது, நான் கையில் வாளியோடு நிற்கிறேன். கீழே எழுத்து. கூட்டிப் படித்தேன். காட்டு மரம் வளர்ப்பதில் தோட்டத் தொழிலாளருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்களாம். யார் கொடுத்தது, என்றைக்குக் கொடுத்தது என்று நாத்தனார் கேட்டாள். நான் கிளினிக் போன அன்றைக்காக இருக்கும் என்றேன்.

அடுத்த மாசி வந்தது. பீலி நூலாகவில்லை. விரல் மொத்தத்துக்கு நின்றது. பெரிய மரத்தை வெட்டினதாலா, சின்னக் கன்று நட்டதாலா, அந்த வருஷ மழையாலா, எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவனை நான் நம்பமாட்டேன். பங்குனி பாதி வரைக்கும் அப்படியே நின்றது.

அப்போதுதான் ஹட்டனிலிருந்து ஒரு பைப்காரன் கறுப்புக் குழாய்ச் சுருளோடு வந்தான். ஊற்றில் தண்ணீர் ஏறியிருப்பதை மனேஜர் பார்த்துவிட்டார். மியூசியத்தில் வெள்ளைக்காரர் போகும் டொய்லெட்டுக்கு ஊற்றிலிருந்து நேராகக் குழாய் போடப் போகிறார்கள். நான் போய் ஊற்றின் வாயில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா" என்றான் பைப்காரன்.

"எந்திரிக்க முடியாது தம்பி. கால் மடங்காது."

அவன் மனேஜரைக் கூட்டி வந்தான். மனேஜர் கல்லுக்குக் கல் தாவி, சப்பாத்து நனையாமல் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இது? நீங்களே இப்படிப் பண்ணலாமா?"

"பீலிக்குக் கீழ இருந்து எடுங்க சேர். நாங்க புடிச்சது போக ஓடுது, அத எடுங்க."

"கீழ இருந்து ஏத்த மோட்டர் வேணும்."

"வாங்குங்க."

"மேடத்துக்கிட்ட கேக்கணும்."

"கேளுங்க."

"அதுவரைக்கும்?"

"நான் இங்க இருக்கேன். வேலை நேரந்தானே. ஊத்தப் பாத்துக்கிறதும் என் வேலைதானே சேர்."

அவர் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடி மேலே ஏறினார். நாத்தனார் சாயமும் ரொட்டியும் கொண்டுவந்தாள். பின்னால் லயத்துப் பொம்பளைகள் ஒவ்வொருத்தியாய்க் குடத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கல்யாண வீட்டுக் கதை பேசினார்கள். பைப்காரனுக்கும் ஒரு ரொட்டி கொடுத்தோம். அவன் ரொட்டியைத் தின்றுவிட்டு, குழாய்ச் சுருளைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். மூன்று நாள் அப்படி இருந்தோம். மூன்றாம் நாள் மேடமே போனில் என்னைக் கேட்டாராம். மனேஜர் போனை என் காதில் வைத்தார்.

"ஊற்றில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்றார் மேடம். சிங்களத்தில்தான். "நீங்கள் எழுந்து வீட்டுக்குப் போகலாம்."

"மோட்டர் வரட்டும், போறேன்" என்றேன் நானும் சிங்களத்தில்.

இன்னும் இரண்டு நாள் ஆனது. மோட்டர் வந்தது. பீலிக்குக் கீழே, எங்கள் குடம் கழுவிய தண்ணீர் ஓடும் குழிக்குப் பக்கத்தில் சீமெந்து போட்டு வைத்தார்கள். காலையில் போட்டால் லயம் முழுக்க அதிரும். அது போடும் சத்தத்துக்கு அது ஏற்றும் தண்ணீர் கொஞ்சம். ஏற்றட்டும். நாங்கள் பிடித்து, கழுவி, மிஞ்சியது மேலே போகிறது. மகளிடம் இந்த வருஷமும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.